எண்ணெயில் கரைந்த அதிரசம்: வீட்டில் சொதப்பியதும் சிரித்ததும்

மாடிவீட்டு மருமகள்

எனக்குத் தலை தீபாவளி 2009-இல், அக்டோபர் 17. இது முந்தின நாள் சாயங்காலம் நடந்தது. மாப்பிள்ளை வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கூடத்தில் அப்பாவோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா முதல் அதிரசத்தைத் தட்டி எண்ணெயில் போட்டார். உப்பிக்கொண்டு மேலே வரவேண்டியது வரவில்லை. ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, நடுவில் ஓட்டை விழுந்து, வாணலி முழுக்கப் பழுப்பு நுரை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் போடும்போது அம்மாவின் கை நடுங்கியது. அதுவும் கரைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமானது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஜல்லிக்கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அதே நேரம் என் கணவரும் தண்ணீர் கேட்டுச் சமையலறைக்கு வந்து, தட்டில் அரித்து வைத்திருந்த தூளில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். "ரொம்ப நல்லா இருக்கே அத்தை, இதுக்குப் பேர் என்ன?" அவர் நிஜமாகவே கேட்டார். அம்மா ஒரு நொடி அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "அதிரசப் பொடிமாஸ்" என்றார். அதற்கப்புறம் வீடே சிரித்தது. இப்போதும் தீபாவளி என்றால் என் பிள்ளைகள் பாட்டியிடம் பொடிமாஸ்தான் கேட்கிறார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்த கதைதான். ஆனால் அந்தத் துவைக்கிற கல் எனக்கு மறக்கவில்லை. அம்மா சிரிப்பதற்கு முன்னால் நான் சிரித்துவிட்டேன். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்களேன்.

காவிரிக்கரை

எங்களுக்குத் திருக்கடையூரில். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அங்கே எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். பிரகாரம் முழுக்க வரிசையாக ஜோடிகள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஹோமம், ஒரு கூட்டம், புகையில் கண்ணைத் திறக்க முடியாது. திருச்சியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். அப்பா பட்டியல் எழுதி வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வந்தவர். தாம்பூலப் பைகூட எண்ணி எடுத்து வைத்தார்.

கலச அபிஷேகம் முடிந்து, ஈரம் துவட்டி, மாலை மாற்றியாயிற்று. ஐயர் கையை நீட்டி, "மாங்கல்யம்" என்றார். அப்பா பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தாலி எங்கள் வீட்டில், ஃப்ரிட்ஜுக்கு மேலே, குங்குமச் சிமிழ் பக்கத்தில். மறந்துவிடக் கூடாது என்று அவரே முந்தின ராத்திரி கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தது.

எல்லோரும் உறைந்துபோய் நிற்க, அம்மா மட்டும் சிரித்தார். மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "முப்பத்தஞ்சு வருஷமா வாசலைத் தாண்டினப்புறம் எதையாவது எடுக்கத் திரும்பி வராத நாள் உண்டா இவர்? இன்னைக்கு மட்டும் எப்படி மாறும்?" ஐயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து ஜோடியின் சொந்தக்காரப் பாட்டி ஒருவர், யாரென்றே தெரியாது, தன் மடியிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து மஞ்சள் கயிற்றில் முடிந்து நீட்டினார். "இதைவிட என்ன தாலி வேணும்?" அப்பா அதைத்தான் கட்டினார்.

மாடிவீட்டு மருமகளே, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. அம்மா அங்கே சிரித்திருக்காவிட்டால் அப்பா அன்று உடைந்துபோயிருப்பார். முதலில் சிரிப்பது தப்பே இல்லை.

அடுப்படி ஆச்சி

எனக்கும் ஒரு வருஷம் அதிரசம் பிரிந்தது. மாமியார் இருந்த காலம். அவர் அந்த மாவை அப்படியே எடுத்துப் பணியாரக் குழியில் ஊற்றிவிட்டார், யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் மகளே, உன் அம்மாவுக்குப் பாகு முத்தவில்லை. அதுதான் விஷயம். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் பரப்ப வேண்டும். வெயிலில் காயவைத்தால் போச்சு. கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். பாகை ஒரு தட்டில் தண்ணீர் வைத்து அதில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கணும். கரைந்து ஓடினால் பத்தாது. விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டையாக வரணும். அதுதான் பதம். அதற்கும் மேலே விட்டால் அதிரசம் கல்லாகும். இறக்கி, ஏலக்காய், சுக்குத் தூள் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறணும். மேலே நெய் தடவி ஒரு நாளாவது மூடி வைக்கணும். அன்றைக்கே சுட்டால் சரியாக வராது.

அப்படியும் எண்ணெயில் பிரிந்தால் அழவே வேண்டாம், பச்சரிசி மாவு ஒரு கைப்பிடி சேர்த்துப் பிசைந்தால் போதும். தீ எப்போதும் மிதமாக இருக்கணும். இன்னொன்று, வெளிர் மஞ்சளாகப் பளபளக்கிற வெல்லத்தை நம்பாதே, அதில் சர்க்கரை கலந்திருக்கும். கருப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிற பாகு வெல்லம்தான் வேணும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை நல்ல சரக்குதான், பழநிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கேயிருந்துதான் போகிறது. ஆனால் அதிரசத்துக்கு அதைப் போடாதே.

மூன்றாம் நம்பர் பெண்

காவிரிக்கரை சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் அம்மா சிரித்தது தன் புருஷனைப் பார்த்து, அதுவும் அவரைத் தாங்கிப் பிடிக்க. எல்லாச் சிரிப்பும் அப்படி இல்லை.

எனக்கு அப்போது பதினோரு வயது. சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா. பால் காய்ச்சும்போது என்னை அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சித்தி, "பாலைப் பாத்துக்கோடி" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் தினமும் எனக்குக் கொடுக்கிற வேலை அதுதான். பால் பொங்கி வழிந்தால் அம்மாவிடம் திட்டு விழும். பானையில் மஞ்சள் கொத்து கட்டியிருந்தது, எல்லோரும் சுற்றி நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஆடை விலகி, நுரை விளிம்புக்கு ஏறியது. நான் சட்டென்று கேஸை அணைத்தேன். நுரை பொசுக்கென்று அடங்கியது.

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் மாமா ஆரம்பித்தார், பின்னாலேயே எல்லோரும். அம்மாவும் சிரித்தார். எனக்குத் தினமும் அதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அடுப்பணைச்சா" என்று பேர் வைத்து, என் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அந்தக் கதையைச் சொன்னார்கள். மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார்கள், பால் பொங்கியது, அந்த வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

போன வருஷம் என் மகள் புது ஷூவை ஜோடி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆண்டுவிழா மேடையில் ஆடினாள். தொண்டை வரை வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளே காலைத் தூக்கிக் காட்டி, "அம்மா, பாத்தியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் நானும் சிரித்தேன்.

காவிரிக்கரை

நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பதினோரு வயதுப் பிள்ளை செய்தது சரிதானே அம்மா. பால் பொங்க விடணும் என்று உங்களிடம் யாரும் சொல்லவே இல்லை.

ஒன்றை நான் எழுதாமல் விட்டேன். அன்று அப்பா கோயிலில் சிரிக்கவே இல்லை. திரும்பி வரும்போது வேனில், தஞ்சாவூர் தாண்டின பிறகு, இருட்டில் தனியாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் எங்களில் யாருமே அவரைப் பார்க்கத் துணியவில்லை.

சேலத்து மூத்தவன்

சின்னதாக ஒன்று. 2020, ஊரடங்கு. சலூன் எல்லாம் மூடிக் கிடந்தது. அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தலைமுடி காதை மறைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் டிரிம்மரை எடுத்தேன். பின்பக்கம் நன்றாகத்தான் போனது. வலது காதுக்கு மேலே வரும்போது சீப்பு கழன்று விழுந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரே இழுப்பு. நெற்றி வரைக்கும் ஒரு ரோடு.

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினான். அம்மா தூணுக்குப் பின்னால் போய்விட்டார். நான் டிரிம்மரோடு நிற்கிறேன். அவர் கையில் அடி வாங்கி வளர்ந்தவன் நான். அப்பா கண்ணாடியை வாங்கினார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். விரலால் அந்த ரோட்டைத் தடவிப் பார்த்தார். "சாய்வு சரியாத்தான் இருக்கு, நீளம்தான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் மொட்டை. மறுநாள் தம்பியும் நானும் மொட்டை.

சலூன் திறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னும் என்னிடம்தான் தலையைக் கொடுக்கிறார்.

மாடிவீட்டு மருமகள்

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் நம்பர் பெண் எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "அந்தப் புள்ளைகிட்ட அவ அம்மா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்றார். அப்புறம் நான் தயங்கித் தயங்கி, அன்றைக்கு நான் சிரித்தது உங்களுக்குக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "இருந்துச்சு" என்றார். "மாப்பிள்ளை கேட்டதும் போயிடுச்சு." அடுத்த மூச்சிலேயே, "ஆச்சி சொல்றது சரி, பாகு முத்தலை. ஆனா முக்கால் கிலோ வெல்லம் ஜாஸ்தி, எங்க வீட்டுல கொஞ்சம் குறைச்சுத்தான் போடுவோம். அவங்க எந்த ஊரு, கேட்டுச் சொல்லு" என்றார்.

ஆச்சி, எந்த ஊர் நீங்கள்?