பாட்டு வருகிறது, பாடுகிறவர் குரலைக் காணோம்: ஆன்-இயர் ஹெட்ஃபோன் பற்றி ஒரு கேள்வி

எழுத்துக்கூலி:

வணக்கம். பேட்டி ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் ஹெட்ஃபோன் தலையில் இருக்கும். கண்ணாடி போடுகிறவள். காதுக்குள் செருகுகிற ரகம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அரை மணியில் அரிக்கத் தொடங்கிவிடும். காதை முழுக்க மூடுகிற பெரிய ரகத்தில் வியர்த்துக் கொட்டுகிறது, பையிலும் பாதி இடம் போய்விடுகிறது. அதனால் காதின் மேல் உட்காருகிற, அதாவது ஆன்-இயர் ரகத்தில், மடக்கிப் பைக்குள் போடக்கூடிய சின்ன ஹெட்ஃபோன்தான் எப்போதும் வாங்குகிறேன்.

இதுவரை மூன்று. முதலாவது, மடக்குகிற கீலில் விரிசல் விட்டுக் கழுத்தொடிந்து போயிற்று. இரண்டாவதில் குஷனின் தோல் உரிந்து காதெல்லாம் கறுப்புத் துகள். பக்கத்தில் இருந்தவர், “காதில் என்ன கரி?” என்றே கேட்டுவிட்டார். மூன்றாவது இப்போது கையில் இருப்பது, வாங்கிப் பதினான்கு மாதம். இதன் வியாதிதான் விசித்திரம். பாட்டு போட்டால் வாத்தியங்கள் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கின்றன, பாடுகிறவர் குரல் இல்லை. பேட்டிப் பதிவைப் போட்டால் சுத்தமாக மௌனம். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து, அனுப்பியவரிடம் இரண்டு முறை திரும்ப வாங்கினேன். மூன்றாம் முறை கேட்பதற்கு முன் ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். கணீரென்று பேசுகிறார். அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இதைச் சரிசெய்ய முடியுமா? முடியாதென்றால், நான்காவதாக எதைப் பார்த்து வாங்குவது? உழைக்க வேண்டும், காது வலிக்கக் கூடாது, பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை.

சும்மாஒருவன்:

ப்ளூடூத் வாங்குங்கள். ஒயரும் இல்லை, தொல்லையும் இல்லை.

பழையசால்டர்:

ஒயருக்குப் பதில் பேட்டரி வரும், அதுவும் தேய்கிற சாமான்தான். சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினால் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு குறைந்துவிடும். பல மாடல்களில் அதை மாற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஒயரையாவது வெட்டி ஒட்டலாம்.

அம்மா, உங்கள் மூன்றாவது ஹெட்ஃபோன் சாகவில்லை. குரல் காணாமல் போவதாகச் சொன்னீர்களே, அதை வைத்தே எங்கே பழுது என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் திரும்பிப் போகிற ஒரு கம்பி உண்டு. அது அறுந்திருக்கிறது. அது அறுந்தால் இடதும் வலதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தது போல ஆகிவிடும். அப்போது உங்களுக்குக் கேட்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பாட்டில் குரலைப் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாக வைத்துத்தான் கலப்பார்கள், ஆகவே அது கழிந்துபோகிறது. உங்கள் பேட்டிப் பதிவு மோனோவாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றேதான், கழித்தால் பூஜ்யம். பேசியவர் மேல் குற்றமில்லை, கோப்பு மேலும் குற்றமில்லை.

அறுந்த இடம் பத்துக்கு எட்டு முறை ஜாக்கிலிருந்து, அதாவது ஃபோனில் செருகுகிற முனையிலிருந்து, இரண்டு விரல்கடைக்குள்தான் இருக்கும். பாட்டை ஓடவிட்டு அந்த இடத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் குரல் திரும்பி வந்தால் அதுதான் இடம். அங்கே வெட்டி எறிந்துவிட்டுப் புது 3.5 மி.மீ. ஜாக் போட்டுவிடலாம்.

இதை நான் வேலைமேசையில் பத்து வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். சின்ன ஹெட்ஃபோன்களில் ஸ்பீக்கர் பழுதாகி வந்தவை குறைவு. வருவது எல்லாம் ஒயர், குஷன், கீல். உங்களுக்கும் அந்த மூன்றும்தான் நடந்திருக்கிறது, வரிசைதான் வேறு. ஆகவே நான்காவதை வாங்கும்போது “எவ்வளவு நாள் உழைக்கும்” என்று கேட்காதீர்கள். “எது எது கழற்ற வரும்” என்று கேளுங்கள். ஒயர் ஹெட்ஃபோனிலிருந்து பிடுங்கி மாற்றும்படி இருக்கிறதா? குஷன் தனியாகக் கிடைக்கிறதா? கீலில் இரும்பு ஆணியா, வெறும் பிளாஸ்டிக்கா? அப்புறம் ஒயர் காதுக் கிண்ணத்துக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் மூக்கு நீளமாகவும் நெகிழ்வாகவும் இருக்க வேண்டும். கட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் அந்த மூக்கு முடிகிற இடத்திலேயே ஒயர் ஒடியும்.

உதாரணத்துக்கு சென்ஹைசர் எச்டி 25. 1988 முதல் விற்பனையில் இருக்கிறது, ஒயர் இல்லாமல் எடை 140 கிராம், மின்தடை 70 ஓம். டிஜேக்கள் தலையில் பார்த்திருப்பீர்கள். ஒயர், குஷன், தலைப்பட்டை, ஏன், ஸ்பீக்கர்கூடத் தனித்தனியாகக் கழன்று வரும். உழைப்பு என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது அதைத்தான். ஆனால் பிடி இறுக்கம். கண்ணாடியோடு ஆறு மணி நேரம் என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இதற்கு நேர் எதிர் காஸ் போர்ட்டா ப்ரோ. 1984-இல் வந்தது, உருவம் இன்றும் கிட்டத்தட்ட அதேதான். 60 ஓம், பஞ்சுக் குஷன், பின்புறம் திறந்த அமைப்பு. காதுக்கு மேலே பொட்டுப் பக்கம் இரண்டு சின்ன மெத்தை உண்டு. ஒரு தள்ளு பொத்தானை நகர்த்தினால் அழுத்தத்தில் ஒரு பங்கைக் காதிலிருந்து எடுத்து அந்த மெத்தை தாங்கிக்கொள்ளும். யாரோ யோசித்துச் செய்த வேலை. ஆனால் அந்தப் பழைய வடிவத்தில் ஒயர் பிடுங்க வராது. அதற்கு என்னைப் போல ஒரு ஆள் வேண்டும்.

நான்காம்கண்:

நானும் கண்ணாடிதான், அதனால் வலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காது மடல் குருத்தெலும்பு. அதற்கும் மண்டைக்கும் நடுவில் கண்ணாடிக் கால் போகிறது. மேலே குஷன் அழுத்தினால் நடுவில் மாட்டிக்கொண்ட மடலுக்கு இரண்டு பக்கமும் இடி. அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பதுதான் விஷயம். சின்ன வட்டக் குஷன், தடித்த கண்ணாடிக் கால், இரண்டும் சேர்ந்தால் நரகம். நான் தடித்த ஃப்ரேமை விட்டுவிட்டு மெல்லிய கம்பிக் கால் வாங்கினேன். ஹெட்ஃபோனை மாற்றியதைவிட அதில்தான் அதிகப் பலன் கிடைத்தது!

இன்னொன்று. தோல் மாதிரிக் குஷன் போட்ட மூடிய ரகத்தில் கண்ணாடிக் கால் ஒரு இடுக்கை உண்டாக்கிவிடும், அந்த இடுக்கு வழியே பாஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, ஒழுகிப் போகும். “சத்தம் சப்பென்று இருக்கிறது” என்று கடையில் திருப்பிக் கொடுக்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடிக்காரர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம். பஞ்சுக் குஷனில் முதலிலிருந்தே ஒழுகல் கணக்கில் சேர்த்துத்தான் வடிவமைப்பார்கள், ஆகவே அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

புது ஹெட்ஃபோன் இறுக்கினால் புத்தக அடுக்கில் மாட்டி இரவு முழுக்க வைக்கச் சொல்வார்கள். எனக்குப் பலித்தது.

பழையசால்டர்:

உள்ளே உலோகப் பட்டை இருந்தால் பலிக்கும். முழுப் பிளாஸ்டிக்கை அப்படி விரித்து வைத்துக் கீல் ஒடிந்து என்னிடம் வந்தவை உண்டு. தலையைவிடக் கொஞ்சம்தான் அகலமாக இருக்க வேண்டும், கலைக்களஞ்சியம் முழுவதையும் அடுக்காதீர்கள்.

குஷன் உரிவதைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. அந்தத் தோல் பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் வியர்வையும் பட்டுப் பட்டு மெதுவாகச் சிதையும். பெட்டியில் பத்திரமாக வைத்தாலும் காற்றிலுள்ள ஈரமே போதும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, காற்றாட வைத்துவிட்டு அப்புறம் பைக்குள் போடுங்கள். பஞ்சுக் குஷனைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசிக் காயவைக்கலாம். நைந்து தட்டையானால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ஸ்பீக்கர் காதுக்கு நெருங்கி வந்தால் ஒலியின் சாயலே மாறிவிடும்.

எழுத்துக்கூலி:

கழித்தால் பூஜ்யம்! ஒரு வாரமாகக் கோப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒயரை வளைத்துப் பார்த்தேன், சொன்ன இடத்திலேயே குரல் வந்து வந்து போகிறது.

ஒரு சந்தேகம். திறந்த அமைப்பு என்றால் பஸ்ஸில் உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா?

பழையசால்டர்:

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், அதை அமுக்க நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வரம்பு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 90-க்குப் போனால் வாரத்துக்கே 4 மணி. உங்கள் தொழிலுக்கு அது கட்டாது. வீட்டு மேசைக்குத் திறந்தது, பஸ்ஸில் மூடியது அல்லது வெறுமனே வேடிக்கை பார்ப்பது.

பேச்சுத் தெளிவுக்காக விலை உயர்ந்ததைத் தேடவும் வேண்டாம். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது, அதிலேயே ஊர் உலகம் பேசிற்று. பாஸை அள்ளிக் கொட்டுகிற மாடலைத் தவிர்த்தால் போதும். அது மெய்யெழுத்துகளை மூடிவிடும், நீங்கள் பத்து முறை பின்னால் போட்டுக் கேட்க வேண்டிவரும். அப்புறம், ஆறு மணி நேரம் ஒரே மூச்சில் வலிக்காத ஆன்-இயர் எதையும் நான் பார்த்ததில்லை. மணிக்கு ஒரு முறை கழற்றிக் காதைத் தேய்த்துவிடுங்கள்.

எழுத்துக்கூலி:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஜாக்கை நானே மாற்றினேன். முதலில் ஈயம் ஒட்டவே இல்லை, உருண்டு உருண்டு விழுந்தது. செம்பு நன்றாகத்தானே பளபளக்கிறது என்று அரை மணி போராடினேன்.

பழையசால்டர்:

அடடா, சொல்ல மறந்தேன். அந்த இழைகளின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், நடுவில் நூலும் ஓடும். வார்னிஷைச் சுட்டோ சுரண்டியோ எடுத்தால்தான் ஈயம் பிடிக்கும். ஜாக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி பொது. எந்தக் கம்பி எது என்று நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் (மின்சாரம் அளக்கிற கருவி) வைத்துப் பார்த்தீர்கள்தானே?

எழுத்துக்கூலி:

சுரண்டித்தான் எடுத்தேன், பிடித்துக்கொண்டது. மல்டிமீட்டர் என்னிடம் இல்லை, நிறத்தைத்தான் நம்பினேன். பேட்டிக்காரர் குரல் வந்துவிட்டது, பாடகரும் வந்துவிட்டார். இடதும் வலதும் மட்டும் மாறிவிட்டன. திரும்ப வெட்ட மனசில்லை, ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.