ஊட்டி மழையில் பிசிஎல்-பிஎல்ஏ ஸ்காஃபோல்ட் கெட்டுப்போகிறது, எதை மாற்றலாம்?

பனிமூட்டம்:
ஊட்டியில் பார்மசி முதுகலை படிக்கிறேன். எலும்புத் திசு வளர்க்க ஒரு ஸ்காஃபோல்ட் (செல்கள் ஒட்டி வளர்வதற்கான, துளைகள் நிறைந்த சட்டகம்) செய்கிறேன். பிசிஎல் (பாலிகாப்ரோலாக்டோன்) 70, பிஎல்ஏ (பாலிலாக்டிக் ஆசிட்) 30 என்ற விகிதத்தில் இந்த இரண்டு பாலிமர்களையும் குளோரோஃபார்மில் கரைத்து, சலித்த உப்பைக் கலந்து அச்சில் ஊற்றி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுக்கிறேன், உப்பு இருந்த இடம் துளையாகும். கோடையில் நன்றாக வந்தது. மழை பிடித்ததிலிருந்து சில இடத்தில் பெரிய ஓட்டை, சில இடத்தில் ஓட்டையே இல்லை, மேலே வழவழவென்று ஒரு தோல், அழுத்தினால் உதிர்கிறது. விகிதத்தை மாற்றட்டுமா?

கோத்தகிரியான்:
விகிதத்தில் இப்போதைக்குக் கைவைக்காதீர்கள் தம்பி, முதலில் உப்பைப் பாருங்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும், ஆடி மாதம் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்தாலே தெரியுமே. 250 முதல் 425 மைக்ரான் வரை சலித்து வைத்திருந்தாலும், கட்டிதட்டிப்போனால் அந்தக் கட்டியின் அளவுதான் துளையின் அளவு. உப்பை ஓவனில் உலர்த்தி டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவைத்து உடனே கலந்துவிடுங்கள். அப்புறம், குளோரோஃபார்ம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள நீர் துளித்துளியாக அதன்மேல் படியும். அந்தத் தோலில் பொடிப்பொடியாகக் குழிகள் தெரிந்தால் காரணம் இதுதான். அச்சை மூடி, ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) மெதுவாக உலரவிடுங்கள்.

கொடைமலை:
உப்பு விஷயம் சரி, மெதுவாக உலர்த்துவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பிசிஎல்லும் பிஎல்ஏவும் ஒன்றோடொன்று கலக்காதவை, கரைப்பான் போகப்போக தனித்தனியாகப் பிரியும், நேரம் கொடுத்தால் இன்னும் பெரிதாகப் பிரியும், அந்த எல்லையில்தான் விரிசல் விழுகிறது. உலர்ந்த நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டு உலர்த்துங்கள், ஈரமும் வராது. இரண்டின் மோனோமரும் (அடிப்படை அலகு) ஒரே சங்கிலியில் சேர்ந்த கோபாலிமர் கிடைத்தால் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள், இரண்டையும் பிடித்துவைக்கும்.

இன்னொன்று, பிசிஎல்லுக்கு நீர் ஒட்டாது, தண்ணீர் உள்ளே போகாமல் உப்பு நடுவிலேயே தங்கிவிடும். முதலில் எத்தனாலில் நனைத்துவிட்டுத் தண்ணீருக்கு மாற்றுங்கள். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள், படிந்தால் உப்பு இன்னும் இருக்கிறது, படிகிற வரைக்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பனிமூட்டம்:
ரொம்ப நன்றி, இரண்டு விதமாகவும் உலர்த்திப் பார்க்கிறேன். செல் போடுவதற்கு முன் கிருமி நீக்க ஆட்டோகிளேவ் (அழுத்தத்தில் சூடான நீராவி) செய்யலாமா?

கோத்தகிரியான்:
கூடவே கூடாது, பிசிஎல் 60 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும், துளையெல்லாம் மூடிக்கொள்ளும். கிருமி நீக்கும் எத்திலீன் ஆக்சைடு வாயு வசதி இருந்தால் அதில் செய்துவிட்டு, வாயு முழுக்கப் போகும்வரை காற்றாட வையுங்கள்.