தோசைக்கல் நடுவில் மட்டும் ஒட்டுகிறது

மூன்று வாரம் முன்பு திருச்சியில் வாங்கிய 12 அங்குல வார்ப்பிரும்புக் கல். ஓரமெல்லாம் முறுகலாகத் தானாகவே எழும்புகிறது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மாவு அப்பிக்கொள்கிறது. சுரண்டினால் கருப்பாகப் பொடி உதிர்கிறது.

அரிசி கழுவிய தண்ணீரில் 3 நாள் ஊறவைத்தேன். அப்புறம் ஒரு வாரம் நல்லெண்ணெய் தடவிக் காயவைத்தேன். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது தினமும் நடக்கிறது. முட்டை ஊற்றினால் பழகிவிடும் என்றார் மாமியார். ஆறு முட்டை போனதுதான் மிச்சம். சோப்பு போட்டதே இல்லை. மாவு மேல் சந்தேகமில்லை, பழைய கல்லில் அதே மாவு பட்டுப்போல் வருகிறது.

ஒரே வித்தியாசம்: பழைய கல் கேஸ் அடுப்பில், இது இண்டக்ஷனில். அதில் நடுவில்தான் சூடு ஏறுகிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முதலிலிருந்து பழக்க வேண்டுமா, இல்லை கேஸுக்கு மாற்றினாலே சரியாகிவிடுமா?