லேபிள் கிழிந்த பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்: கொள்ளளவு, வேகம், கேஷ் எப்படித் தெரிந்துகொள்வது?

ஜெலுத்தோங்:
வணக்கம். சங்கத்து அலுவலகக் கணினியிலிருந்து கழற்றிய சீகேட் ஹார்ட் டிஸ்க், 3.5 அங்குலம். உறுப்பினர் பதிவேடு முழுக்க இதில்தான் இருக்கிறது. லேபிள் பாதி உரிந்துவிட்டது. படிக்க முடிவது: மாடல் "எஸ்டி3800", அதற்குமேல் கிழிசல், ஃபர்ம்வேர் 3.06, தேதிக் குறியீடு 05231. பின்பக்கம் 40 பின் (பழைய ஐடிஇ கேபிள் மாட்டும் இடம்), பக்கத்தில் நாலு பின் பவர், நடுவில் இரண்டு ஜம்பர் (பின்களை இணைக்கும் சின்ன மூடி).

யூஎஸ்பி அடாப்டரில் மாட்டினால் விண்டோஸ் 31.5 ஜிபி காட்டுகிறது, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. பழைய கணினியின் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்) சிலிண்டர்/ஹெட்/செக்டர் 16383/16/63 என்று இருந்தது, செக்டருக்கு 512 பைட் வைத்துப் பெருக்கினால் 8.4 ஜிபி வருகிறது. எதை நம்புவது?

செந்தூல்:
முதலில் ஃபார்மேட் பெட்டியில் "வேண்டாம்" கொடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் "இனிஷியலைஸ்" கேட்டாலும் அதே பதில்தான். இரண்டுமே டிஸ்க்கில் எழுதும்.

16383/16/63 எதையும் சொல்லாது. 8.4 ஜிபிக்கு மேற்பட்ட எல்லா ஐடிஇ டிஸ்க்கும் அதே மூன்று எண்ணைத்தான் தரும். சிலிண்டர் கணக்கு அதோடு முடிந்துவிட்டது. உண்மையான அளவு எல்பிஏ எண்ணிக்கையில், அதாவது டிஸ்க்கிலுள்ள மொத்த செக்டர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. அதை 512-ஆல் பெருக்கினால் பைட் கணக்கு.

உங்களுடையது 80 ஜிபி. சீகேட்டின் அந்தக்கால மாடல் எண்ணில் எஸ்டி-க்குப் பின் வரும் 3 என்பது 3.5 அங்குல உடல், அடுத்த 80 கொள்ளளவு. விண்டோஸ் 31.5 காட்டக் காரணம் இரண்டாவது ஜம்பராகத்தான் இருக்க வேண்டும். 2000-க்கு முன் வந்த பல பயாஸ்கள் 33.8 ஜிபிக்கு மேல் டிஸ்க் மாட்டினால் உறைந்து நின்றுவிடும். அதற்காகவே கொள்ளளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பர் வைத்தார்கள். 33.8 ஜிபியைத்தான் விண்டோஸ் தன் கணக்கில் (1000-க்குப் பதில் 1024-ஆல் வகுத்து) 31.5 என்கிறது. பார்ட்டிஷன் அந்த எல்லையைத் தாண்டிப் போவதால் பாதியில் வெட்டுப்பட்டதுபோல் தெரிகிறது, ஃபார்மேட் கேட்கிறது. தரவு அங்கேயே இருக்கிறது.

பவரை அணைத்து, தட்டு சுற்றி நிற்கும்வரை பொறுங்கள். 40 பின்னை ஒட்டிய முதல் ஜோடியில் இருப்பது மாஸ்டர் ஜம்பர் (ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டும்போது முதலாவது மாஸ்டர், இரண்டாவது ஸ்லேவ்), அதைத் தொடாதீர்கள். மற்றதை மட்டும் எடுங்கள். இரண்டையும் எடுத்தால் சீகேட் ஸ்லேவ் ஆகிவிடும். பல அடாப்டர்கள் ஸ்லேவைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு ஜம்பரை எடுக்கும்முன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற டிஸ்க் விவரம் காட்டும் நிரலில் திறந்து மாடல் எண்ணைப் பாருங்கள். அது டிஸ்க்கே சொல்லும் பெயர், லேபிள் தேவையில்லை. ஒன்றும் வராவிட்டால் அடாப்டரின் சிப் கேள்வியைக் கடத்தவில்லை என்று அர்த்தம், டிஸ்க் மேல் பழி போட வேண்டாம்.

ஜெலுத்தோங்:
எடுத்துவிட்டேன் அண்ணே. இப்போது 74.5 ஜிபி, ஃபார்மேட் கேட்கவில்லை, கோப்புறைகள் தெரிகின்றன. மாடல் எஸ்டி380011ஏ, பஃபர் (கேஷ்) 2048 கேபி. சுழற்சி வேகம் மட்டும் வெறும் கோடு.

பிரிக்பீல்ட்ஸ்:
கணக்கு பொருந்துகிறது. 156,301,488 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். 80 ஜிபியும் 74.5-ம் ஒரே அளவுதான்.

வேகம் கோடாக வருவது கோளாறில்லை. சுழற்சி வேகத்தைச் சொல்லும் இடம் ஏடிஏ தரத்தில் (ஐடிஇ-யின் முறையான பெயர்) பின்னால்தான் சேர்ந்தது. பழைய டிஸ்க்குக்கு மாடலை வைத்துத் தயாரிப்பாளர் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். உங்களுடையது பாரகுடா 7200.7: 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று), 2 எம்பி கேஷ், ஏடிஏ/100 (நொடிக்கு 100 எம்பி வரையான இணைப்பு). கடைசி இரு இலக்கத்தை ஊகிக்காதீர்கள். 380013ஏ என்றால் அதே 80 ஜிபி, ஆனால் 8 எம்பி கேஷ். 40 ஜிபியில் 340014ஏ 7200 ஆர்பிஎம், 340015ஏ 5400. லேபிளில் கிழிந்துபோன இடமே இதைப் பிரித்துக் காட்டும் இடம்.

05231: சீகேட்டின் நிதியாண்டு ஜூலையில் தொடங்கும். 2005 நிதியாண்டு, 23-வது வாரம், முதல் நாள். அதாவது 2004 டிசம்பர் தொடக்கம்.

இனி கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காதீர்கள். இவ்வளவு வயதான டிஸ்க்கில் முதல் வேலை முழுப் பிரதி. 80 ஜிபிக்குமேல் இடமுள்ள வேறு டிஸ்க்குக்கு, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல் கோப்பு) எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் கோப்பும் கேளுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலம் எது, இலக்கு எது என்று அளவைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே என்டர். யூஎஸ்பி 2 அடாப்டர் என்றால் சுமார் ஒரு மணி நேரம். மின்விசிறிக் காற்று படட்டும். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

செந்தூல்:
பிரதி எடுக்கும்போது டிஸ்க் அடிக்கடி காணாமல் போனால் அடாப்டரின் பவரைச் சந்தேகப்படுங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் வேண்டும். சுழலத் தொடங்கும் நேரத்தில் 12 வோல்ட் நிறைய இழுக்கும், மெலிந்த பவர் கட்டை அங்கேதான் திணறும். இங்கே கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைகளில் கேட்பதென்றால் "ஐடிஇ, சாட்டா (ஐடிஇ-க்குப் பின் வந்த இணைப்பு) இரண்டுக்கும், தனி பவர் கட்டையோடு" என்று சொல்லிக் கேட்கலாம். பழைய டெஸ்க்டாப்பிலேயே மாட்டுவதானால் 80 கம்பி கேபிள் போடுங்கள். 40 கம்பியில் வேகம் ஏடிஏ/33-க்கு இறங்கிவிடும். அந்தப் பயாஸ் 33.8 ஜிபிக்கு மேல் தாங்காதது என்றால் மறுபடி உறையும், எனவே யூஎஸ்பி வழியே எடுப்பதுதான் நல்லது.