5 அடிக்கு 4 அடி போர்ச்: இலையுதிர் கால அலங்காரத்தில் எதை எங்கே வைப்பது?

சின்னவாசல் கேட்டது:

முன்வாசல் போர்ச் 5 அடி அகலம், 4 அடி ஆழம். மேலே கூரை உண்டு, முன்னால் இரண்டு படி. சுவரின் நடுவில் 36 அங்குல இரும்புக் கதவு. அதற்கு வெளியே, வெளிப்பக்கமாகத் திறக்கும் முழுக் கண்ணாடிக் கதவு ஒன்று. தெருவில் நின்று பார்த்தால் அதன் கீல் இடது பக்கம். வலது முன்மூலையில் ஒரு மரத்தூண். மேற்கு பார்த்த வாசல் என்பதால் மதியத்துக்கு மேல் நல்ல வெயில். வெளியே பிளக் பாயிண்ட் கிடையாது. வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது. அணில்கள் ஏராளம்.

மரங்கள் நிறம் மாற ஆரம்பிக்கும்போது வைத்தால் பனி கொட்டும்வரை தாங்க வேண்டும். சாமந்தி, பரங்கி, வைக்கோல் கட்டு, சோளத்தட்டை, கதவில் ஒரு வளையம், கொஞ்சம் விளக்கு என்று நினைத்திருக்கிறேன். இவ்வளவும் அடங்குமா? பார்சல் கொண்டுவருகிறவர்கள் தடுக்கி விழாமலும் இருக்க வேண்டும்.

---

அளவுகோல்:

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சாக்பீஸ் எடுங்கள். கண்ணாடிக் கதவை மெதுவாக முழுக்கத் திறந்துகொண்டே அதன் வெளி ஓரம் போகும் பாதையைத் தரையில் வரையுங்கள். உங்கள் அளவுக்கு, கீலிலிருந்து 36 அங்குல ஆரத்தில் ஒரு கால் வட்டம் வரும். அதற்குள் மிதியடி தவிர எதுவும் இருக்கக் கூடாது. கதவு நடுவில் இருப்பதால் இருபுறமும் 12 அங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும். உங்கள் அலங்காரத்துக்கு உள்ள இடம் அவ்வளவுதான்.

பலரும் கைப்பிடி இருக்கும் பக்கத்தில்தான் செடிகளை அடுக்குகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கதவை இழுக்கிறவர் ஒரு எட்டு பின்வாங்கி நிற்பது அந்தப் பக்கம்தான், பார்சலை வைக்க வசதியான இடமும் அதுதான். கீல் பக்கத்தில் யாரும் நடப்பதில்லை. கதவு மூடியிருக்கும் நேரமே அதிகம் என்பதால் தெருவிலிருந்து நன்றாகவும் தெரியும். ஆகவே முக்கியமான கூட்டம் இடது பட்டையில் போகட்டும். கதவு 90 டிகிரிக்கு மேல் போகாதபடி அதை மெதுவாக மூடவைக்கும் குழாய் அல்லது சங்கிலி தடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காற்றடிக்கும்போது தடுக்காவிட்டால் கண்ணாடி நேராகத் தொட்டியில் போய் மோதும்.

12 அங்குல அகலத்தில் பரப்ப முடியாது, உயர்த்தத்தான் முடியும். ஆப்பிள் அடுக்கும் மரப்பெட்டி (சுமார் 18 x 12 x 9 அங்குலம்) ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினால் 12 x 9 அங்குல இடத்தில் 18 அங்குல உயரம் கிடைக்கும். அதைச் சுவரோரம் வைத்து மேலே ஒரு 8 அங்குலத் தொட்டிச் சாமந்தி. பூவோடு சேர்த்து மொத்தம் 30 அங்குலம் வந்துவிடும். பெட்டியின் திறந்த பக்கம் தெருவைப் பார்க்கட்டும், உள்ளே ஒரு விளக்குக் கூண்டு. முன்னால் தரையில் 10 அங்குலப் பரங்கி ஒன்று, அதை ஒட்டி இரண்டு சின்னது. பெட்டிக்குள் அடியில் ஒரு செங்கல் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மேல்கனத்தில் சாயும்.

வலது பக்கம் தூணடியில் ஒரே ஒரு தாழ்வான பொருள் போதும். இருபுறமும் ஒரே மாதிரி ஜோடியாக வைப்பது அகலமான வாசலுக்குத்தான் எடுக்கும்; 5 அடியில் அது கதவை நெருக்கிப் பிடித்தது போல ஆகிவிடும்.

படிகளில் வைப்பதானால் பிடித்து ஏறும் கம்பி இல்லாத பக்கம் மட்டும், நடக்க 36 அங்குலம் விட்டு. கீழ்ப்படியில் வேண்டாம், இருட்டில் இறங்குகிறவர் கடைசியில் கால் வைக்கும் இடம் அது.

பார்சலைக் கண்ணாடிக் கதவுக்கு நேராக வைத்துவிட்டால் உள்ளே இருக்கிறவர் கதவைத் திறக்கவே முடியாது. அதனால் வலது பட்டையில், தூணுக்குச் சற்றுப் பின்னால் ஒரு 12 அங்குல இடத்தைக் காலியாக விடுங்கள். காலியாகக் கண்ணில் பட்டாலே அங்கே வைத்துவிடுவார்கள்.

---

பச்சைத்தொட்டி:

சாமந்தி பற்றி மட்டும் சொல்கிறேன், அதிகம் வீணாவது அதுதான்.

முழுக்கப் பூத்த செடியை வாங்காதீங்க. மேற்கு வெயிலில் அது ரொம்ப நாள் நிற்காது. மொட்டுகளில் நிறம் தெரியணும், பூ நாலஞ்சு மட்டும் விரிஞ்சிருக்கணும். இறுக்கமான பச்சை மொட்டும் வேண்டாம். சாமந்தி இரவு நீளமானால்தான் மொட்டு வைக்கும் செடி. போர்ச் விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தால் மொட்டு வளர்ச்சி தாமதமாகும். நிறம் வந்த மொட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

வாங்கி வரும்போதே தொட்டி முழுக்க வேர் நிரம்பியிருக்கும். ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்த மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்திலிருந்து விலகிவிடும். பிறகு மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக அப்படியே கீழே ஓடிவிடும், வேர் நனையாது. தண்ணீர் கீழே வருகிறதே என்று நாம் நிறுத்திவிடுவோம், செடி மறுநாளும் தலை தொங்கும். இதற்கு ஒரே வழி, தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் பாதி உயரம் முங்க 20-30 நிமிஷம் வைத்து எடுப்பது. அதற்கு அப்புறம் தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனத்தைப் பழகிக்கோங்க. லேசாக இருந்தால் தண்ணீர் வேணும். வெயில் நாட்களில் தினமும் கேட்கும், குளிர ஆரம்பித்ததும் குறையும். பூ மேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்க. நனைந்த பூக்கள் நடுவில் பழுப்படிக்கும்.

கூரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு மழை உதவாது. வெளியே கொட்டுகிறதே என்று விட்டுவிடாதீங்க.

அழகுத் தொட்டிக்குள் கடைத்தொட்டியை அப்படியே இறக்குவது சரிதான், ஆனால் அடியில் ஓட்டை இல்லாத தொட்டி என்றால் இரண்டு அங்குலம் சரளைக்கல் போட்டு அதன்மேல் வையுங்க. தேங்கும் தண்ணீரில் வேர் உட்கார்ந்தால் அழுகிவிடும். கல் கனம் காற்றுக்கும் ஆச்சு. சுட்ட மண் தொட்டி வேண்டாம். ஊறிய மண்தொட்டி உறைபனியில் வெடிக்கும்.

லேசான உறைபனியைச் சாமந்திச் செடி தாங்கும், விரிந்த பூதான் முதலில் கருகும். அந்த இரவுகளில் பழைய பெட்ஷீட் போட்டு மூடுங்க. பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், அது தொடும் இடத்தில் பூ கருகும். பனிவரைக்கும் தாங்கணும் என்றால் சாமந்தியை மட்டும் நம்பக் கூடாது. பக்கத்தில் அலங்கார முட்டைக்கோஸ் ஒன்று, பான்ஸி பூச்செடி இரண்டு வையுங்க. முட்டைக்கோஸுக்குக் குளிர் ஏற ஏறத்தான் ஊதாவும் வெள்ளையும் அழுத்தமாகும். சாமந்தி முடிந்ததும் அதை எடுத்துவிட்டு முட்டைக்கோஸைப் பெட்டி மேல் ஏற்றிவிடலாம். கடையில் சிவப்பும் மஞ்சளுமாகக் குரோட்டன்ஸ் வைத்திருப்பார்கள், பார்க்க இந்தப் பருவத்துக்கென்றே பிறந்தது போல இருக்கும். அது வெப்பநாட்டுச் செடி. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இரவுகள் போனால் இலை கொட்டும்.

---

பரங்கிக்கொடி:

பரங்கியை வெட்டாமல் வைத்தால் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் கூட நிற்கும். முகம் செதுக்கினால் ஒரு வாரம் தாண்டுவது கஷ்டம். நீங்கள் சொல்லும் கால அளவுக்குச் செதுக்காததுதான் சரி.

காம்பு முழுசாக, காய்ந்து கெட்டியாக இருப்பதாகப் பாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அது ஒடிந்த இடத்தில்தான் அழுகல் நுழையும். நகத்தால் அழுத்தினால் தோல் குழியக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ப்ளீச் கலந்து துடைத்து, ஈரம் சுத்தமாகப் போகும்வரை காயவிடுங்கள். காம்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஈரம் நிற்கும், அதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

சிமெண்ட் தரையில் நேராக உட்கார வைக்காதீர்கள். அடிப்பக்கம் வேர்த்து அங்கிருந்தே அழுகும். மேலே பளபளப்பாகவே இருக்கும், ஒரு நாள் தூக்கினால் அடி கையோடு வராது, தரையிலும் கறை. அடியில் இரண்டு மரச்சட்டம் கொடுத்தால் காற்று ஓடும். வாரம் ஒருமுறை தூக்கி அடியை அழுத்திப் பாருங்கள். மேற்கு வெயில் நேராக விழும் இடமும் ஆகாது. இடது பட்டையில் நிழல் விழும் பக்கமாகத் தள்ளுங்கள். கடும் உறைபனி வரும் இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒருமுறை உறைந்து இளகினால் சதை கூழாகிவிடும்.

அணில்: கீறல் இல்லாத காயைப் பல நேரம் விட்டுவைக்கும், சதை வாசனை வெளியே வந்தால் விடாது. மிளகாய்க் காரம் உள்ள ஸ்பிரே ஓரளவு உதவும், மழைச்சாரல் பட்டால் மறுபடி அடிக்க வேண்டும். பறவைகளுக்குக் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். கீழே சிந்தும் பறவைத்தீனி பக்கத்தில் இருந்தால் எந்த ஸ்பிரேயும் பயனில்லை, முதலில் அதை நகர்த்துங்கள்.

அடுக்கி வைக்க ஆசை இருந்தால் தட்டை வகையில் கீழே பெரியது, மேலே சிறியது. நடுவில் கம்பி குத்தாதீர்கள், குத்திய இடம் அழுகும். தொல்லையே வேண்டாம் என்றால் ஃபோம் பரங்கி. அடியில் ஓட்டை போட்டு ஒரு கிலோ சரளை நிரப்பி டேப் ஒட்டினால்தான் காற்றில் உருளாமல் இருக்கும்.

---

சின்னவாசல்:

கீல் பக்கம் என்ற யோசனை தோன்றவே இல்லை, நன்றி. இன்னும் மூன்று விஷயம் பாக்கி. வைக்கோல் கட்டு ஒன்றாவது வைக்கலாமா? வளையத்தை இரும்புக் கதவில் மாட்டுவதா, கண்ணாடிக் கதவிலா? சூரிய ஒளி விளக்கு போதுமா?

---

அளவுகோல்:

வைக்கோல் கட்டு வேண்டாம். வழக்கமான கட்டு சுமார் 36 x 18 x 14 அங்குலம். உங்கள் தரையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை அதுவே பிடித்துக்கொள்ளும்.

---

பரங்கிக்கொடி:

படிக்குக் கீழே, தரையில் வைக்கலாமே? போர்ச்சின் இடமும் போகாது.

---

அளவுகோல்:

கூரைக்கு வெளியே என்றால் மழையில் ஊறும். ஊறிய கட்டை ஒருவர் தூக்க முடியாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும், மிச்சமிருக்கும் தானியம் முளைக்கும், எலி குடிவரும். வைக்கோல் நிறம்தான் வேண்டுமென்றால் மரப்பெட்டியின் உள்ளே இரண்டு கை வைக்கோலைச் செருகுங்கள், பார்ப்பதற்கு அது போதும். அந்தப் பெட்டிக்குள் மெழுகுவர்த்தி மட்டும் கூடாது, எல்இடிதான்.

---

ஒட்டுக்கொக்கி:

வளையம்: 36 அங்குலக் கதவுக்கு 22 முதல் 24 அங்குலம் சரியான அளவு. மாட்டும் இடம் கண்மட்டம்.

இரும்புக் கதவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று முதலில் அளக்க வேண்டும். கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு இரண்டுக்கும் நடுவே வளையம் நசுங்கினால் காம்பெல்லாம் ஒடியும். அதைவிடப் பெரிய பிரச்சினை சூடு. மேற்கு வெயில் கண்ணாடி வழியாக உள்ளே போய் அந்த இடுக்கில் அடைபடும், கதவு அடர்நிறம் என்றால் இன்னும் மோசம். சூட்டுப் பசையில் ஒட்டிய இலைகளும் காய்களும் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். ஆகவே உங்களுக்குக் கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம்தான். எங்கே மாட்டினாலும் உதிரக்கூடியதை மெல்லிய கம்பியால் சட்டத்தில் கட்டிவிடுங்கள், பசையை மட்டும் நம்ப வேண்டாம்.

மாட்டும் முறை: கண்ணாடியின் இரு பக்கமும் ஒன்றையொன்று பிடிக்கும் ஜோடிக் காந்தக் கொக்கி நல்லது; கண்ணாடியின் தடிமனுக்கும் வளையத்தின் எடைக்கும் ஏற்றதா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். கதவின் சட்டம் பெரும்பாலும் அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாது. ரப்பர் உறிஞ்சுக் கொக்கி குளிரில் விறைத்துக் கழன்றுவிடும். ஒட்டுக் கொக்கி போடுவதானால் வெளியே போடக்கூடிய வகையாக இருக்கட்டும். கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாளில் ஒட்டி, 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடையைத் தொங்கவிட வேண்டும். குளிர்ந்த காலையில் ஒட்டியது மாலையில் தரையில் கிடக்கும். வளையத்தின் அடியில், கண்ணாடியைத் தொடும் இடங்களில், இரண்டு ஃபெல்ட் வட்டம் ஒட்டுங்கள். கதவு மூடும்போது தட்டாது.

மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஓடு பிளந்து சிவப்புக் காய் தெரியும் கொடி வளையங்களை வாங்குமுன் என்ன கொடி என்று கேளுங்கள். ஆசிய பிட்டர்ஸ்வீட் என்றால் தவிர்க்கவும். பறவைகள் தின்று விதையைப் பரப்பும், பரவினால் மரத்தையே சுற்றி நெரிக்கும் கொடி அது.

சூரிய ஒளி விளக்கு கூரைக்கு அடியில் வேலைக்காகாது. தகடு மட்டும் வெளியே, நீண்ட ஒயருடன் இருக்கும் வகை என்றால் சரி. இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் எல்இடி மெழுகுவர்த்தி, 6 மணி நேரம் எரிந்து 18 மணி நேரம் அணையும் டைமர் உள்ளது. அந்த டைமர் நீங்கள் சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணும். பொழுது சீக்கிரம் சாயச் சாய, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அணைத்துப் போட்டு நேரத்தை முன்தள்ள வேண்டும். சாதாரண அல்கலைன் பேட்டரி கடுங்குளிரில் சோர்ந்துபோகும். கூண்டுக்குள் இருப்பதற்கு லித்தியம் ஏஏ போடுங்கள். நிறம் 2700 கெல்வின் அல்லது அதற்குக் கீழே. அதைவிட வெள்ளையானால் பரங்கியின் ஆரஞ்சு வெளிறித் தெரியும்.

---

பச்சைத்தொட்டி:

சோளத்தட்டையை யாரும் தொடவில்லையே. தூண் இருக்கிறது, ஆணி வேண்டாம், அதனால் அது உங்களுக்குப் பொருத்தம்தான். 5 முதல் 8 தட்டை ஒரு கட்டு. அதற்கு மேல் போனால் பார்சல் வைக்கும் இடத்தில் நீட்டிக்கொண்டு வரும். கூரைக்கு அரை அடி கீழே நிற்கும்படி அடியில் நறுக்குங்க, நுனிப்பூவை விட்டுவிடுங்க. மூன்று இடத்தில் கட்டணும்: முதலில் பிளாஸ்டிக் டை, அதை மறைக்க மேலே சணல் கயிறு. பச்சையாக வாங்கினால் காயும்போது தண்டு சுருங்கும், கட்டு தளரும், மொத்தமும் வழுக்கி இறங்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்குங்க. அடிமுனை தரையில் படாமல் ஓட்டுத்துண்டு ஒன்று வைத்தால் சாரல் தண்ணீரை உறிஞ்சாது. கண்ணாடிக் கதவை முழுக்கத் திறந்து, எந்த இலையும் அதன் பாதையில் வரவில்லை என்று பார்த்துவிட்டு நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரியுங்க.

மிதியடி: 18 x 30 அங்குலத் தேங்காய் நார் மிதியடிக்குக் கீழே 24 x 36 மெல்லிய விரிப்பு. ஆனால் கதவின் அடி ரப்பருக்கும் தரைக்கும் நடுவே உள்ள உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்க. நார் மிதியடியே முக்கால் அங்குலம் வரை இருக்கும். இடிக்கும் என்றால் கீழ்விரிப்பை விட்டுவிடுங்க. ஈர இலைகள் அதன்மேல் ஒட்டினால் வழுக்கும், தினமும் ஒரு தட்டு தட்டிப் போடணும்.