ஃப்ளோர் கியர் போட்டா பத்மினி இல்லையாம், கேட்டுக்கோங்க

கோவை1089:
பிரீமியர் பத்மினி, அதானுங்க அந்தக்கால பியட்டு காரு, அதுல ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கற லிவர்தான் ஹேண்ட் கியர், தரையில இருந்து வந்தா ஃப்ளோர் கியர். நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாருங்க, "ஹேண்ட் கியரை கழட்டிட்டு ஃப்ளோர் கியர் போட்ட பத்மினி பத்மினியே இல்ல, பத்மினி சட்டை போட்ட வேற ஏதோ வண்டி"ன்னு. கீழ ஒரு போட்டோ. நம்பர் பிளேட்டை மட்டும் மறைச்சிருக்காரு, பெரிய மனசு. சரி நானே சொல்லிப்போடறேன், அது என்ற வண்டிதான். 84 மாடல், எங்கப்பா புக் பண்ணிட்டு வருசக்கணக்கா காத்திருந்து எடுத்தது. இப்ப உள்ள இருக்கறது அதே பிரீமியர் கம்பெனியோட 118என்இ காருல வந்த நிசான் ஏ12 என்ஜின், 1171 சிசி, கியர்பாக்ஸும் அதோடதே. முன்னாடி டிஸ்க் பிரேக், டைனமோவுக்கு பதிலா ஆல்டர்னேட்டர், பாயிண்ட் செட்டை கடாசிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன், கரண்டு பெட்ரோல் பம்ப், ஏசி. தினமும் போத்தனூர்ல இருந்து பீளமேடு போய் வர்றது இதுலதானுங்க, வேற காரு எனக்கு இல்ல, வாங்கற எண்ணமும் இல்ல. ஞாயித்துக்கிழமை கவரை எடுத்து தொடச்சு டீக்கடை வரைக்கும் ஓட்டி போட்டோ புடிச்சு திரும்ப கவர் போடறவங்க பத்மினி எதுன்னு எனக்கு பாடம் எடுக்கறாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கடைசியா வந்த எஸ்1 மாடல்ல கம்பெனிக்காரனே நிசான் கியர்பாக்ஸ் வச்சு ஃப்ளோர் கியர் குடுத்தானே, அது என்ன, பத்மினி இல்லாம புல்டோசரா?

ஹேண்ட்கியர்_நேசன்:
அண்ணே வணக்கம். பேரு சொல்லாம எழுதுனா எனக்கு தெரியாதுண்டு நெனச்சீங்களா. நான்தான் எழுதுனேன், இப்பவும் அதைத்தான் சொல்றேன். பத்மினிண்டா ஸ்டியரிங்குக்கு கீழ கை போகணும். அவ்வளவுதான். எஸ்1 கதையெல்லாம் வேணாம்ண்ணே, அது கடைய மூடுற நேரத்துல இருந்த சாமானை வச்சு ஒப்பேத்துனது. 1974ல பத்மினிண்டு பேரு வச்சதுல இருந்து எத்தன வருசம் ஹேண்ட் கியர்ல ஓடுச்சு, பாம்பே டாக்ஸிக்காரய்ங்க அத்தன பேரும் எதுல ஓட்டுனாய்ங்க? ஆமா, கழட்டுன ஹேண்ட் கியர் லிவரு இப்ப எங்க இருக்கு?

ராயபுரம்_ரவுண்டு:
காலைலயே ஆரம்பிச்சிட்டீங்களா. இன்னா பா ரெண்டு பேரும், பியட்டுக்கு போய் இந்த சண்டை. அம்பாசிடர் வச்சிருக்கறவன் எவனாவது இப்டி அடிச்சிக்கறானா சொல்லு. எங்களுக்கு இசுசு 1800 வந்துச்சு, அஞ்சு கியர், ஃப்ளோர்ல. எவனும் இது அம்பாசிடர் இல்லன்னு சொல்லல, ஏறி குந்திக்கினு போய்ட்டே இருந்தான்.

கோவை1089:
பாருங்க, அம்பாசிடர்காரரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல சாட்சி வேணுமா. நேசனுக்கு ஹேண்ட் கியர்னா என்னன்னு கதைல தெரியும், நான் அதைய ஓட்டியே சலிச்சவன். ஸ்டியரிங் காலம்ல இருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் ராடு ராடா போகுதுங்களா, நடுவுல அங்கங்க புஷ்ஷு, அது தேஞ்சதும் லிவர் தொளதொளன்னு ஆடும், ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு தள்ளறப்ப ரெண்டுக்கும் நடுவுல போய் சிக்கிக்கும். சிக்குனா என்ன பண்ணோணும்? நடு சிக்னல்ல இறங்கி, பானெட்டை தூக்கி, சூடா இருக்கற ராடை கையில புடிச்சு இழுத்து நியூட்ரலுக்கு கொண்டு வரோணும், பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன்லயே நம்ம குடும்பத்தை விசாரிப்பான். காந்திபுரத்துல சாயந்தரம் ஆறு மணிக்கு இதைய பண்ணிப் பாத்துட்டு வந்து பாடம் எடுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறந்தான் ஃப்ளோர் கியர் போட்டேன். போட்டதுல இருந்து அந்த பொழப்பு இல்ல.

ஹேண்ட்கியர்_நேசன்:
ஒரு செட் புஷ் மாத்த சோம்பல்பட்டுக்கிட்டு, தரை நடுவுல மேடா போற டன்னலை வெட்டியிருக்கீங்க, அதைத்தான இவ்வளவு நீளமா எழுதியிருக்கீங்க?

கோவை1089:
டன்னலை வெட்டலைங்க. லிவர் வர்ற எடத்துல மட்டும் ஒரு ஓட்டை. ஒரு சாண் கூட வராது.

ஹேண்ட்கியர்_நேசன்:
அப்ப வெட்டுனீங்க.

கோவை1089:
என்ஜின் மவுண்டிங் மாத்தி, லேத்துல குடுத்து பிராப்பல்லர் ஷாஃப்ட்டை அளவு பண்ணி, பேலன்ஸ் பாத்து, இத்தன வேலையும் முறையா செஞ்சிருக்கேன், இவருக்கு அந்த ஓட்டைதான் கண்ணுல படுது. 40 சொச்சம் குதிரை சக்தி இருந்த வண்டி இப்ப 52. நான் நாலு பேரை உக்கார வச்சு ஏசி போட்டுட்டு மேட்டுப்பாளையம் வழியா குன்னூர் ஏறிட்டு வரேன், பர்லியாறுல ஒரு டீ குடிக்கோணும்னு நின்னாத்தான் நிறுத்தம்.

சும்மா_பாக்க_வந்தேன்:
வணக்கம் அண்ணன்களே. எங்க மாமா வண்டி 91 பத்மினி என்கிட்ட வந்திருக்கு, ஒரிஜினல் என்ஜின். வெயில்ல டிராபிக்ல நின்னா ஆஃப் ஆகுது, ஆறுனாத்தான் ஸ்டார்ட் ஆகுது. அந்த கரண்டு பம்ப் போட்டா சரியாகுமா? எங்க மாட்டணும்?

ஹேண்ட்கியர்_நேசன்:
தம்பி மொதல்ல சொல்லு, ஹேண்ட் கியரா ஃப்ளோர் கியரா?

சும்மா_பாக்க_வந்தேன்:
ஹேண்ட் கியர்தான் அண்ணா. ஆனா அதுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?

ஹேண்ட்கியர்_நேசன்:
நல்ல புள்ள. எவன் பேச்சையும் கேட்டு மாத்திராத.

கோவை1089:
தம்பி, அது வேப்பர் லாக். பழைய பம்ப் என்ஜின் மேலயே உக்காந்திருக்குது, வெயில்ல வண்டி நின்னா என்ஜின் சூட்டுல பெட்ரோல் லைனுக்குள்ளயே ஆவியாயிரும், பம்ப் காத்தை இழுத்துட்டு கெடக்கும், கார்ப்பரேட்டருக்கு ஒண்ணும் போகாது. பழைய டிரைவருங்க பம்ப் மேல ஈரத்துணிய போட்டு வச்சது அதுக்குத்தான். கரண்டு பம்ப்பை பின்னாடி டேங்க் பக்கத்துல மாட்டுனா அது தள்ளி விடும், இழுக்கற வேலை இல்ல. ஃபியூஸும் ரிலேயும் போட்டு மாட்டு, அழுத்தம் கம்மியா இருக்கற கார்ப்பரேட்டர் வண்டி பம்ப்பா பாத்து வாங்கு, இன்ஜெக்ஷன் வண்டி பம்ப் வாங்குனா கார்ப்பரேட்டர் வழியா பெட்ரோல் வழிஞ்சிரும். கியரைப் பத்தி நீயே ஓட்டிப் பாத்து முடிவு பண்ணு, சில பேரு பேச்சைக் கேட்டா காந்திபுரத்துல பானெட்டை தூக்கிட்டு நிக்கோணும்.

ராயபுரம்_ரவுண்டு:
ஈரத்துணி போட்டு ஓட்ற வண்டி. இதுக்கு ரசிகர் மன்றம் வேற.

கோவை1089:
உங்க அம்பாசிடர் 2014ல வங்காளத்துல உத்தர்பாரா பேக்டரி கதவை சாத்தற வரைக்கும் அந்த பழைய இங்கிலீஷ் காரு மோரிஸ் ஆக்ஸ்போர்டு பாடியத்தானுங்க வச்சிருந்தான். நீங்க பேசாதீங்க.

ராயபுரம்_ரவுண்டு:
சாத்தற வரைக்கும் வித்துச்சு இல்ல? உன்து எப்பவோ சாத்திட்டான்.

யாழ்_மொறிஸ்:
என்ன கதைக்கிறியள் எல்லாரும். எங்கட பக்கம் மொறிஸ் மைனருக்கு டட்சன், அதுதான் உங்கட நிசான், ஏ12 எஞ்சின் போடுறது புதுசே இல்லை, எத்தினை கார் ஓடுது. 90களில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில பழைய ஒஸ்ரின் ஏ40 எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது, ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சப் பெற்றோலைக் கார்பரேற்றருக்கை விட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. வருத்தக்காரரை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை இது ஒரிஜினலோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

ஹேண்ட்கியர்_நேசன்:
ஐயா உங்க கஷ்டம் வேற, அதுக்கு தலை வணங்குறேன். ஆனா உங்க மொறிஸ் மைனருக்கு பொறந்ததுல இருந்தே ஃப்ளோர் கியர். உங்களுக்கு எங்க வலி தெரியாது.

யாழ்_மொறிஸ்:
ஏ40 சொமசெற்றுக்கு ஸ்டியரிங்கிலதான் கியர் தம்பி. நான் ஓடினனான். வலியும் தெரியும், இடக்கை தோள்மூட்டிலதான் வாறது.

கோவை1089:
ஐயா, வாங்க. இந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு குன்னூர்ல டீ என்ற செலவு.

செக்ஷன்_52:
எல்லாரும் கியரைப் பத்தியே பேசுறீங்க. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு தெரியுமா? ஆர்.சி.ல இருக்கற விவரம் கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா இருக்கற மாதிரி வண்டிய மாத்தக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே தெளிவா சொல்லிடுச்சு. ஒரு நாள் செக்கிங்ல மாட்டுனா பத்மினியா இல்லையான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க.

கோவை1089:
வந்துட்டாருங்க வக்கீலு. என்ற வண்டில என்ஜின் மாத்துனது அந்த தீர்ப்புக்கு ரொம்ப முந்தி, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி புது என்ஜின் நம்பர் புக்குல ஏறியிருக்குது. பதினஞ்சு வருசம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கொண்டுபோய் நிறுத்தி ரினிவல் பண்றேன், 600 ரூவா இருந்த பீஸ் 2022 ஏப்ரல்ல இருந்து 5000 ஆச்சு, அதையும் கட்டிட்டுத்தான் வந்தேன். இன்ஸ்பெக்டர் சுத்தி வந்து பாத்தாரு, சேஸிஸ் நம்பரை பென்சில்ல தேச்சு எடுத்தாரு, லைட்டு பாத்தாரு, பிரேக் அடிக்கச் சொன்னாரு. உள்ள எட்டிப் பாத்து "ஏங்க, ஹேண்ட் கியர் எங்க, இது பத்மினி இல்லையே"ன்னு கேக்கலீங்க.

ஹேண்ட்கியர்_நேசன்:
அவரு கேக்கல. நான் கேக்குறேன். லிவரு எங்க?

செக்ஷன்_52:
டிஸ்க் பிரேக் புக்குல ஏறியிருக்கா?

கோவை1089:
நாலு சக்கரமும் டிரம்மா இருந்த வண்டிக்கு முன்னாடி டிஸ்க் போட்டது தப்புன்னு சொல்றீங்களா, நிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குதா?

செக்ஷன்_52:
கேள்விக்கு பதில் வரல.

ஹேண்ட்கியர்_நேசன்:
என் கேள்விக்கும் வரல சார். வராது. நான் சொல்லட்டுமா, ஃப்ளோர் கியர் போட்டதும் மொதல்ல போனது முன் சீட்டு. பத்மினில முன்னாடி மூணு பேரு உக்காரலாம், நடுவுல கியர் இல்ல, கால் வைக்க எடம் இருக்கும். எங்க வீட்டுல அழகர் ஆத்துல எறங்குறதை பாக்கப் போனா அப்பா ஓட்டுவாரு, நடுவுல நான், அங்கிட்டு தாத்தா, பின்னாடி பொம்பளையாளுக எல்லாம். இவரு வண்டில நடுவுல உக்காந்தா ஃப்ளோர் கியர் தொடையில குத்தும். பக்கெட் சீட்டு வேற. குடும்ப வண்டிய ரெண்டு பேரு வண்டியாக்கிப்புட்டு பத்மினியாம்.

கோவை1089:
முன்னாடி மூணு பேரு உக்காந்துட்டு நடுவுல இருக்கறவன் முட்டி மேல மூணாவது கியர் போட்டது உங்களுக்கு மலரும் நினைவு. இப்ப மூணு பேரும் பெல்ட் போடோணும், எதுல மாட்டுவீங்க, கியர் லிவர்லயா? எங்கப்பாவுக்கு இப்ப முட்டி மடக்க முடியாதுங்க, அந்த பக்கெட் சீட்டை பின்னாடி தள்ளி சாய்ச்சு விட்டாத்தான் ஏறி உக்காருவாரு. அவரு வாங்குன வண்டி, அவரே ஒண்ணும் சொல்லல, மதுரைல இருக்கறவருக்கு குத்துது. இன்னொண்ணும் சொல்லிப்போடறேன், பழசை கிளறக்கூடாதுன்னுதான் இத்தன நாள் இருந்தேன். ஒரிஜினல் ஒரிஜினல்னு பேசறவரு என்கிட்ட இருந்து சோலெக்ஸ் கார்ப்பரேட்டர் ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு, "ட்யூன் பாத்துட்டு தரேண்ணே"ன்னு. திரும்பி வந்தப்ப உள்ள பெட்ரோலை அளந்து விடற மெயின் ஜெட்டு வேற. என்ற ஜெட்டு அவரு ஒரிஜினல் வண்டில இருக்குது.

ராயபுரம்_ரவுண்டு:
அட்றா சக்க. இதான்யா மேட்டரு.

ஹேண்ட்கியர்_நேசன்:
அண்ணே இது அபாண்டம். நீங்க குடுத்தப்பவே அதுல இருந்தது தப்பான ஜெட்டு, சைஸ் நம்பரை பாத்து நான்தான் சரியானதை போட்டு குடுத்தேன். ஃப்ளோர் கியர்காரய்ங்களுக்கு ஜெட்டு எங்க தெரியப் போகுது.

கோவை1089:
சரியானதை போட்டீங்கன்னா கழட்டுனது எங்கீங்க?

ஹேண்ட்கியர்_நேசன்:
நீங்க கழட்டுன லிவரு எங்கண்ணே?

யாழ்_மொறிஸ்:
ரெண்டு பேரும் சாமானை ஒளிச்சு வச்சுக்கொண்டு நிக்கிறியள் போல கிடக்கு.

சும்மா_பாக்க_வந்தேன்:
அண்ணா மன்னிக்கணும், இன்னொரு கேள்வி. பம்ப் வாங்கிட்டேன். அந்த ரிலேக்கு கரண்டு இக்னிஷன் சுவிட்ச்ல இருந்து எடுக்கணுமா, நேரா பேட்டரில இருந்தா?

செக்ஷன்_52:
பம்ப் மாத்துறதும் மாற்றம்தான்.

ராயபுரம்_ரவுண்டு:
நைனா, அப்ப வைப்பர் ரப்பர் மாத்துனா ஜெயிலா?

கோவை1089:
தம்பி, ரிலேக்கு மெயின் கரண்டு பேட்டரில இருந்து ஃபியூஸ் வழியா, சுவிட்ச் பண்றதுக்கு மட்டும் இக்னிஷன்ல இருந்து ஒரு சின்ன ஒயர். சாவி ஆஃப் பண்ணா பம்ப் நிக்கோணும், அது முக்கியம். பழைய பம்ப்பை கழட்டுன எடத்துல பிளேட் போட்டு அடைச்சிரு, இல்லைன்னா ஆயில் அடிக்கும். செக்ஷன் சாருக்கு இது கணக்குல வருமான்னு அவரையே கேட்டுக்கோ. நேசன், உங்களுக்கு கடைசியா சொல்றேன், 2023 அக்டோபர்ல பாம்பேல கடைசி பத்மினி டாக்ஸியும் ரோட்டை விட்டு போயிருச்சு, பெரும்பாலும் உங்க ஹேண்ட் கியர்தான். என்றது நாளைக்கு காலைல எட்டரைக்கு அவினாசி ரோட்டுல இருக்கும், வந்து பாருங்க.

ஹேண்ட்கியர்_நேசன்:
கடைசியாண்டு இதோட நாலாவது தடவ சொல்றீங்க. டாக்ஸி போனது இருபது வருச வயசு வரம்பால, ஹேண்ட் கியரால இல்ல. வரேன்ண்ணே, என் வண்டிலயே வரேன். மதுரைல இருந்து ஹேண்ட் கியர்லயே. ஃப்ளோர் கியர் வண்டிய பாக்கல்லாம் இல்ல, லிவரை வாங்கிட்டுப் போக. வெலைய சொல்லுங்க.

கோவை1089:
ஜெட்டை கொண்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம். வழியில பல்லடத்துல சிக்கிட்டு நின்னா போன் பண்ணுங்க, ராடை இழுத்து விட ஆளு அனுப்பறேன்.

ஹேண்ட்கியர்_நேசன்:
பொள்ளாச்சி வழியா வரேன்.

ராயபுரம்_ரவுண்டு:
ரெண்டு பேரும் ஒழுங்கா ஒரு அம்பாசிடர் வாங்கிட்டு போங்கபா.