பிரஷ் கட்டர்: பல்புல பெட்ரோல் ஏறுது, இஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது

ஆனைமலைத் தோப்பு:
வணக்கமுங்க. தென்னந்தோப்புல புல்லு வெட்டுற மெஷின், 52 சிசி, ரெண்டு ஸ்ட்ரோக். மாசியில நிறுத்தினது, ஆனியில மழை விட்டதும் எடுத்தா ஸ்டார்ட் ஆகலை. டேங்குல கிடந்த பழசைக் கொட்டிட்டுப் புதுசா ஆயில் கலந்து ஊத்தியாச்சு. பிளக்கும் புதுசு. கார்புரேட்டர்ல இருக்கிற ரப்பர் குமிழ், அந்த பிரைமர் பல்பை அமுக்கினா குமிழி இல்லாம பெட்ரோல் நல்லா ஏறுது. சோக் போட்டு இருபது தடவை கயிறு இழுத்தும் ஒரு சத்தம் கிடையாது. பிளக்கைக் கழட்டினா காஞ்சே இருக்குதுங்க. கார்புரேட்டரையே மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமுங்களா?

பவானிப் பட்டறை:
இப்பவே மாத்தாதீங்க. பிளக் காஞ்சிருக்குதுன்னு பார்த்துச் சொன்னீங்களே, பாதி வேலை அதுலயே முடிஞ்சுது. நனைஞ்சிருந்தா தீப்பொறிப் பக்கம் தேடணும். காஞ்சிருந்தா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் போகலை.

உறுதி பண்ணிக்கணும்னா பிளக் துளை வழியா கலந்த பெட்ரோல் மூணு நாலு சொட்டு விடுங்க, அதுக்கு மேல வேண்டாம். கேனை மூடித் தள்ளி வெச்சுட்டு, பிளக்கைப் போட்டு இழுங்க. ரெண்டு வினாடி ஓடி நின்னுதுன்னா தீப்பொறியும் கம்ப்ரஷனும் இருக்குதுன்னு அர்த்தம்.

பல்பு நிறையுதேன்னு ஏமாந்துடாதீங்க. பல்பு இஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளறதில்லை. டேங்குல இருந்து கார்புரேட்டர் வழியா உறிஞ்சி, இன்னொரு டியூப்ல டேங்குக்கே திருப்பி விடுது. அதனால ஃபில்டரும் டியூபும் அடைக்கலைன்னு மட்டும் தெரியுது. இஞ்சின் ஓடறப்ப பெட்ரோலைக் கொண்டு வர்றது கார்புரேட்டருக்குள்ள இருக்கிற ரெண்டு டயாஃப்ரம், அதாவது மெல்லிசான சவ்வு. மாசக்கணக்குல பழைய பெட்ரோல்ல ஊறிக் காஞ்சா அது மொடமொடன்னு ஆயிரும். பல்பு இழுக்கிற வேகத்துக்கு அசையும், இஞ்சினோட உறிஞ்சலுக்கு அசையாது. உங்க மெஷின்ல அதுதான்னு நினைக்கிறேன்.

கார்புரேட்டரைக் கழட்டி, பல்பு இருக்கிற பக்கம் மூடியைத் திறங்க. டயாஃப்ரத்தை விரல்ல தொட்டா பலூன் தோல் மாதிரி தொளதொளன்னு இருக்கணும். சுருக்கம் விழுந்து, அமுக்கினா டப்புனு சத்தம் வந்தா வேலைக்காகாது. டயாஃப்ரம், கேஸ்கெட் (கசியாம இருக்க நடுவுல வெக்கிற அட்டை), ஊசி சேர்ந்த கிட் கிடைக்கும், கார்புரேட்டர் மேல இருக்கிற நம்பரைச் சொல்லி வாங்குங்க. எதிர்ப்பக்க மூடிக்குக் கீழ பொட்டு அளவுக்கு ஒரு கம்பிவலை இருக்கும், அதுல பிசின் பிடிச்சிருந்தா கார்ப் கிளீனர்ல கழுவுங்க. துளைக்குள்ள கம்பி விட்டுக் குடையாதீங்க.

மாட்டறப்பத்தான் நிறையப் பேர் தப்புப் பண்றாங்க. பல்பு பக்கம் முதல்ல கேஸ்கெட், அதுக்கு மேல டயாஃப்ரம். எதிர்ப்பக்கம், அதாவது பம்ப் பக்கம் நேர்மாறு: முதல்ல டயாஃப்ரம், அப்புறம் கேஸ்கெட். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல வர்ற கேஸ்கெட்ல சின்னத் துளை ஒண்ணு இருக்கும். பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற அறை, அந்த கிரேங்க் கேஸோட துடிப்பு அது வழியாத்தான் பம்பை ஆட்டுது. திருப்பிப் போட்டா துளை மறைஞ்சுடும். புது கிட் போட்டும் ஓடலைன்னு சொல்றவங்க முதல்ல இதைப் பாருங்க.

கோபி மஞ்சக்காடு:
அண்ணன் சொன்னது சரிங்க. ஆயில் கணக்கு மட்டும் நான் சொல்றேன். 25-க்கு 1-ன்னா லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1-ன்னா 20 மில்லி. மெஷின் புத்தகத்துல எதைப் போட்டிருக்குதோ அதுதான். கூட ஊத்தினா இஞ்சினுக்கு நல்லதுன்னு மூடிக்கணக்குல ஊத்தறாங்க, பிளக்குல கரி பிடிக்கிறதுதான் மிச்சம். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதம் வரைக்கும் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தா தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு அடியில நிக்கும். டேங்க் ஃபில்டர் கிடக்கிறதும் அடியிலதான், அப்ப ஆயில் இல்லாத சரக்குத்தான் இஞ்சினுக்குப் போகும். ஒரு மாசத்துக்கு மேல வெக்கறதா இருந்தா டேங்கைக் காலி பண்ணி, தானா நிக்கிற வரைக்கும் ஓட்டிடுங்க.

ஆனைமலைத் தோப்பு:
சொட்டு விட்டதும் ஓடி நின்னுதுங்க. டயாஃப்ரம் காஞ்ச அப்பளமாட்ட இருந்துது. கிட் போட்டாச்சு, மூணாவது இழுப்புல ஸ்டார்ட். ஆனா பத்து நிமிசம் வெட்டினதும் தானா நின்னுடுது, கொஞ்சம் ஆறினாத்தான் மறுபடி எடுக்குது. இதுவும் டயாஃப்ரம்தானுங்களா?

பவானிப் பட்டறை:
இல்லைங்க. நின்னதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள போய், உடனே ஸ்டார்ட் ஆனா மூடியில இருக்கிற காத்துத் துளை அடைச்சிருக்குது. அப்படி இல்லைன்னா நின்ன சூட்டோட, கையுறை போட்டுப் பிளக்கைக் கழட்டி, அதோட இரும்பு உடம்பை சிலிண்டர்ல தொட வெச்சு இழுங்க. பிளக் துளையைத் துணியால அடைச்சுக்கணும், அதுல இருந்து பீச்சற பெட்ரோல் ஆவியில தீப்பிடிக்கும். பொறி வரலை, ஆறினப்புறம் வருதுன்னா பிளக்குக்குக் கரண்ட் தர்ற காயில் போச்சு. புதுசு மாட்டறப்ப காயிலுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் நடுவுல சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேணும், ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி முறுக்கினாப் போதும்.

ரெண்டுமில்லைன்னா சைலன்சர் வாயில இருக்கிற கம்பிவலையைப் பாருங்க, கரி அடைச்சிருக்கும். பித்தளை பிரஷ்ல தேய்ச்சாப் போயிரும். அதுவரைக்கும் கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவை மாத்துற எச் (H) ஸ்குரூவைத் தொடாதீங்க. உள்ள திருகினா பெட்ரோல் குறையும், பெட்ரோலோட வர்ற ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடிச்சுக்கும்.